டிரம்மில் நனையும் கண்ணாடிக் குமிழ்

ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் தோலை நீலமாக்குவது குரோமியம். அது தோலுக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்பதோ தோல் சுழலும் டிரம்மில் உள்ள நீரின் அமிலத்தன்மையைப் பொறுத்தது. அதைச் சொல்லும் பிஎச் எண் 3-ஐ ஒட்டி இருக்கும்வரை குரோமியம் நார்களுக்கு இடையே ஊடுருவிக்கொண்டே போகும். மெல்ல 4-க்கு அருகே ஏற்றினால் போன இடத்தில் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டு ஏற்றினால் மேற்பரப்பு மட்டும் நீலம், நடுவில் பதப்படாத பச்சைத்தோல். இந்த எண்ணைக் காட்டும் பிஎச் புரோப்பின் நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ், அதற்குள் பிஎச் தெரிந்த கரைசல். உள்ளும் புறமும் பிஎச் வேறுபட்டால் கண்ணாடியில் மின்னழுத்தம் எழும்: 25 டிகிரி செல்சியஸில் ஓர் அலகுக்குச் சுமார் 59 மில்லிவோல்ட். கருவி அளப்பது இதை மட்டுமே. பிஎச் என்பது நாம் பிஎச் தெரிந்த பஃபர் கரைசலில் முக்கிக் கற்றுக்கொடுத்த கணக்கு. கற்றுக்கொடுத்தது பழசாகிவிட்டால் எண்ணும் பொய்.

தோலின் ஓரத்தை வெட்டி, அமிலத்தன்மைக்கேற்ப நிறம் மாறும் சாயமான புரோமோகிரிசால் கிரீனைச் சொட்டுவிட்டு, வெட்டுவாய் முழுக்க மஞ்சளானால் அமிலம் நடுவரை இறங்கிவிட்டது என்று சொல்லும் மாஸ்டருக்குப் புரோப் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். புரோப் தண்ணீரை அறியும், தோலின் உள்ளை அறியாது. ஆனால் சாயம் தோராயம், 3.6-க்கும் 3.9-க்கும் உள்ள வேறுபாட்டை அதில் படிக்க முடியாது.

டேனரிக்கு வெளியே சிக்கல் பெரிது. டேனரிக் கழிவுநீரால் பாலாற்றுப் படுகை மாசான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு அந்தக் கழிவுநீரில் கலக்கிறது; உயிரியல் சுத்திகரிப்பில் அது நீங்காது. கழிவுநீரில் கரைந்த திடப்பொருளுக்குத் தமிழ்நாட்டின் வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். கரைந்த திடப்பொருளின் அளவைச் சட்டென்று சொல்ல மின்கடத்துதிறன் புரோப் போதும்; ஆனால் அது அயனிகளை மொத்தமாகக் கணக்கிடுமே தவிர, சாப்பாட்டு உப்பா குரோமியமா என்று பிரித்துச் சொல்லாது. அதற்கு ஆய்வகம்தான். இரவும் பகலும் தானாக அளக்கும் புரோப் இருக்கும்போது ஆய்வகம் எதற்கு என்பவர்கள் இதை மறக்கிறார்கள். போதாக்குறைக்கு, சுண்ணாம்புத் தொட்டிக் கழிவின் சல்ஃபைடு பிஎச் புரோப்புக்குள் இருக்கும் வெள்ளிக் கம்பியையே கெடுக்கும். கொழுப்பு குமிழின் மேல் படியும். ஆகவே யாராவது ஓர் எண்ணை நீட்டினால், அந்தப் புரோப்பை எந்தத் தேதியில், எந்தக் கரைசலில் சரிபார்த்தார்கள் என்று கேளுங்கள்.