தோட்டத்தில் ஒளிந்தவன்

தெருவில் ஓடிவந்த குழந்தை கால் தடுக்கி விழுந்தால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவி ‘ஐயோ, பாவம்!’ என்கிறாள், அதே கிழவி, ஏழை ஒருத்தியின் நிலத்தை வஞ்சித்துப் பறித்துக்கொண்டவனைப் பற்றிப் பேச்சு வரும்போது, ‘அந்தப் பாவம் அவனைச் சும்மா விடுமா?’ என்றும் கேட்கிறாள். குற்றத்தையும் இரக்கத்தையும் ஒரே சொல்லால் குறிக்கும் இந்த வழக்கம் எப்படி வந்ததோ, அது எவ்வாறாயினும், கிறிஸ்தவ சமயம் பாவம் என்று எதைச் சொல்லுகிறது என்பதைத் தமிழர்க்கு எடுத்துரைக்க விரும்புகிறவனுக்கு இதைவிட நல்ல தலைவாசல் கிடைக்காது. அந்தச் சமயத்தின் பார்வையில் பாவி தண்டனைக்குரியவன் மட்டும் அல்லன், வீட்டைவிட்டு விலகிப்போய், திரும்பும் வழியும் மறந்து, வெளியில் நிற்பவன், ஆகவே இரங்கத்தக்கவன்.

ஆயினும் அந்தச் சொல்லே நம்மைத் தடுமாறவும் செய்யும். பாவம் என்றவுடன் புண்ணியம் என்னும் அதன் இணை நம் மனத்தில் எழுந்து நிற்கிறது. ஒரு தட்டில் இது, மறு தட்டில் அது என்று ஒரு தராசும், பிறவிதோறும் தொடர்ந்து எழுதப்பட்டு வரும் ஒரு கணக்கும் தோன்றுகின்றன. செய்த வினை செய்தவனைத் தேடி வந்தே தீரும் என்னும் அந்தச் சிந்தனையின் ஆழத்தை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். ஆனால் கிறிஸ்தவ வேதத்தைத் திறப்பவன் அந்தத் தராசைச் சற்று நேரம் ஓரமாக வைத்துவிட வேண்டும். அங்கே பாவம் முதலாவதாக ஓர் உறவின் முறிவு. கணக்கு என்பதெல்லாம் அதற்குப் பிறகே வருகிறது. டென்மார்க்கு தேசத்துச் சிந்தனையாளர் கீர்க்கேகார் 1849-இல் வெளியிட்ட ஒரு நூலில், பாவத்துக்கு எதிர்ப்பதம் நல்லொழுக்கம் அன்று, விசுவாசமே என்று வாதாடியது இதைக் கருதியே. தாயோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்ட மகன் மாதந்தோறும் தவறாமல் பணம் அனுப்பிவந்தாலும், அந்தத் தாயின் மனம் ஆறுமா? பணத்தில் ஒரு குறையும் இல்லை, பிள்ளை வரவில்லையே!

பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரேய பாஷையில் இதற்கு வழங்கும் பதங்கள் பல. அவற்றுள் மூன்று, 32-ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தில் அடுத்தடுத்து வருகின்றன. தமிழ் வேதாகமம் அவற்றை மீறுதல் என்றும், பாவம் என்றும், அக்கிரமம் என்றும் பெயர்த்திருக்கிறது. மீறுதல் என்று நாம் படிக்கும் ‘பெஷா’, கப்பம் கட்டிவந்த சிற்றரசன் பேரரசனை எதிர்த்துக் கிளம்பும் கலகத்துக்கும் வழங்கிய சொல். அக்கிரமம் என்று படிக்கும் ‘ஆவோன்’, கோணிப்போனது என்னும் கருத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. பாவம் என்று படிப்பதன் வேராகிய ‘ஹாட்டா’வுக்கோ குறி தப்புதல் என்று பொருள், நியாயாதிபதிகளின் ஆகமத்தில், இடக்கை வழக்கமுள்ள 700 பென்யமீன் வீரர்கள் ஒரு மயிரிழையைக் குறிவைத்துக் கவண்கல் எறிந்தாலும் தப்பாது என்று சொல்லுமிடத்தில் வருவது இந்த வினைச்சொல்தான். அரசன் ஒருவன் இருந்தால்தான் கலகம் உண்டு, இலக்கு ஒன்று இருந்தால்தான் தப்புதல் உண்டு. யாரை விட்டு விலகினோம், எதை நோக்கிப் படைக்கப்பட்டோம் என்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இந்த வேதத்தின் பாவத்தை விளங்கிக்கொள்ள இயலாது.

ஆதியாகமத்தின் 3-ஆம் அதிகாரத்தை நம்மில் பலர் ஒரு கனியின் கதையாகவே கேட்டிருக்கிறோம். அதை நிதானமாகப் படிக்கிறவர்கள் நிகழ்ச்சிகளின் வரிசையைக் கவனிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன். விலக்கப்பட்ட கனியை உண்ட ஆணும் பெண்ணும் தங்கள் நிர்வாணத்தை அறிந்து, அத்தியிலைகளைத் தைத்து உடுத்திக்கொள்ளுகிறார்கள். பகலின் வெம்மை தணிந்த வேளையில் கடவுள் தோட்டத்தில் உலாவும் சத்தம் கேட்டதும் மரங்களுக்கிடையே ஒளிந்துகொள்ளுகிறார்கள். அவரோ, மனிதன் எங்கே இருக்கிறான் என்று கேட்டுக்கொண்டு வருகிறார். விசாரணையும் தீர்ப்பும் தோட்டத்தினின்று வெளியேற்றமும் இதற்குப் பின்னரே நிகழ்கின்றன. தண்டனையினால் பிரிவு உண்டாயிற்று என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, பிரிவு முன்னமே உண்டாகிவிட்டது என்று அந்தக் கதை சொல்லுகிறது. ஒளிந்தவன் மனிதன், தேடிவந்தவர் கடவுள். அடுத்த கணமே அந்த மனிதன் தன் மனைவியைச் சுட்டிக்காட்டி, அவளைத் தனக்குத் தந்த கடவுளையும் சேர்த்துக் குற்றம் சாட்டுகிறான். மேலே அறுந்த கயிறு பக்கவாட்டிலும் அறுகிறது. அடுத்த அதிகாரத்தில் அண்ணன் தம்பியைக் கொல்லுகிறான். இவ்வளவுக்கும் நடுவில், படிப்போர் பெரும்பாலும் கடந்துபோகிற ஒரு சிறு செய்தி இருக்கிறது: வெளியே அனுப்புமுன் கடவுள் தாமே அவர்களுக்குத் தோலாடைகள் செய்து உடுத்துகிறார். தண்டிக்கிற கையே ஆடையும் தைத்துக் கொடுக்கிறது என்ற அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் புத்தகத்தைச் சற்று மூடிவைத்துவிடுவது வழக்கம்.

இந்த ஒளிதலைத் தன் சொந்த வாழ்க்கையில் கண்டுபிடித்து, உலகத்தின் முன்னிலையில் எழுதிவைத்தவர், 354-இல் வட ஆப்பிரிக்காவிலே, இன்றைய அல்ஜீரியா நாட்டைச் சேர்ந்த தாகாஸ்தே என்னும் ஊரில் பிறந்த அகுஸ்தீன். ‘பாவ அறிக்கை’ என்றும் ‘துதி’ என்றும் இரு பொருள்படும் தலைப்பில், நாற்பது வயதைக் கடந்தபின் அவர் எழுதிய 13 பாகங்கள் கொண்ட நூலில், கொலையோ துரோகமோ அல்ல, ஒரு பேரிக்காய்த் திருட்டே இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதியை நிறைத்திருக்கிறது. அவருக்கு அப்போது 16 வயது. மேற்படிப்புக்குக் கார்த்தேஜ் நகரத்துக்கு அனுப்பத் தகப்பனாரிடம் போதிய பொருள் இல்லாததால் வீட்டில் வெறுமனே இருந்த காலம். தங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு அருகே காய்த்துக் குலுங்கிய ஒரு பேரிமரத்தை நள்ளிரவில் தோழர்களோடு போய் உலுக்கி, சுமை சுமையாக வாரிக்கொண்டு வந்து, பெரும்பாலும் பன்றிகளுக்கு எறிந்தார்கள். பழத்துக்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை, அதைவிட நல்ல பழம் அவர் வீட்டிலேயே இருந்தது, பசியும் இல்லை. பின் ஏன் திருடினேன் என்று, பின்னாளில் ஆயரான அவர் தம்மைத் தாமே குடைந்து குடைந்து கேட்கிறார். திருட்டையே விரும்பினேன் என்கிறார். தனியாக இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன் என்கிறார். விலக்கப்பட்டதைச் செய்துவிட்டுத் தண்டனையின்றித் திரிவதில், எல்லாம் வல்லவனின் சுதந்தரத்தை இருட்டில் ஓர் அடிமை போலியாக நடித்துப் பார்த்தேன் என்கிறார். இவ்வளவு சிறு குற்றத்துக்கு இத்தனை புலம்பலா என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பெரிய குற்றங்களுக்கெல்லாம் பசி, பயம், ஆசை, பழி என்று ஏதாவது ஒரு காரணம் மறைப்பாக நிற்கும், காரணமே இல்லாத இந்த அற்பச் செயலில்தான் மனத்தின் கோணல் மறைப்பின்றித் தெரிந்தது.

ஏறக்குறைய ஒன்பது ஆண்டு அவர் மானி என்பவரின் மார்க்கத்தைச் சார்ந்திருந்தார். ஒளி, இருள் என்னும் இரு தத்துவங்களின் போராட்டமே உலகம் என்று போதித்த அந்த மார்க்கம், பாவம் செய்வது நானல்லேன், என்னுள் இருக்கும் வேறொன்று என்று ஆறுதல் சொல்ல இடங்கொடுத்தது; அந்த ஆறுதல் தமக்கு எவ்வளவு இனித்தது என்பதை அகுஸ்தீன் பிற்காலத்தில் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறார். தீமைக்குத் தனியே ஒரு வஸ்துத்தன்மை இல்லை, நன்மை குறைந்துபோன இடமே தீமை, நல்ல சிருஷ்டிகளின்மேல் ஆசை வைத்துச் சிருஷ்டிகர்த்தாவுக்கு முதுகு காட்டுவதே பாவம் என்ற முடிவுக்கு அவர் மெல்ல மெல்ல வந்துசேர்ந்தார். 386-இல் மிலான் நகரத்தில், ஒரு வீட்டுத் தோட்டத்தில், தம்மோடு தாமே போராடி அழுது விழுந்தபோது அவர் விழுந்த இடம் ஓர் அத்திமரத்தடி என்று குறித்திருக்கிறார். அத்தியிலையால் மூடிக்கொண்ட ஆதி மனிதனை நினையாமல் அவர் அதை எழுதியிருக்கமாட்டார் என்றே நான் நம்புகிறேன். மறு ஆண்டு ஈஸ்டர் திருநாளில் ஆயர் அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றார். கடவுளைத் தேடி அலைந்த நாளில் அவர் என் முன்னேதான் நின்றார், நானோ என்னைவிட்டே அகன்றிருந்தேன் என்பது அவருடைய சாட்சியத்தின் சாரம்.

இந்தக் கோணல் எங்கிருந்து வந்தது என்பதில் கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒருமித்த கருத்துடையவர்கள் அல்லர். மனிதன் தன் சங்கற்பத்தால் பாவமின்றி வாழக்கூடும் என்று கற்பித்த பிரிட்டன் தேசத்துத் துறவி பெலாகியுவின் கொள்கையை அகுஸ்தீன் கடுமையாக எதிர்த்தார். 418-இல் கார்த்தேஜ் சங்கம் அதைக் கண்டனம் செய்தது. முதல் மனிதனாகிய ஆதாமுக்குள் எல்லோரும் பாவம் செய்தார்கள் என்று அகுஸ்தீன் கொண்டதற்கு, ரோமர் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் உள்ள ஒரு கிரேக்கத் தொடரை லத்தீன் மொழிபெயர்ப்பு அப்படித் தந்திருந்ததும் ஒரு காரணம். கிரேக்க மூலத்தையே படித்துவந்த கீழைத் திருச்சபையார், முதல் மனிதனிடமிருந்து நமக்கு வந்தது அவன் குற்றம் அன்று, சாவும் அதனால் விளைந்த பலவீனமுமே என்று கொள்ளுகிறார்கள். பிறந்த குழந்தையின்மேல் குற்றம் சாட்ட என் நா கூசுகிறது. ஆதலால் இவ்விஷயத்தில் என் மனம் கீழைத் திருச்சபையாரின் பக்கமே சாய்கிறது. ஆனால் நோய்கொண்ட வீட்டில் பிறந்த குழந்தைக்கு நோய் தொற்றாது என்று எவரால் சொல்ல முடியும்? 1515-இல் தொடங்கி அதே நிருபத்தை மாணாக்கர்க்கு விளக்கிய மார்ட்டின் லூதர், மனிதன் தனக்குள்ளேயே வளைந்துபோனவன், கடவுளைக்கூடத் தன் சொந்த நலத்துக்காகவே தேடுகிறவன் என்று சொன்னபோது, எபிரேயர் ‘ஆவோன்’ என்றதையே வேறு சொல்லால் சொன்னார். கத்தோலிக்கர் பாவங்களைச் சாவான பாவம், அற்பப் பாவம் என்று பிரித்து, முன்னது அந்த உறவையே அறுப்பது, பின்னது அதை நலியச் செய்வது என்று கற்பிப்பதும், வருடத்துக்கு ஒரு தரமாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமென்று 1215-இல் லாத்தரன் சங்கம் விதித்ததும், அறுந்ததை மீண்டும் முடிந்துவைக்கும் பொருட்டே.

அறுந்தது எப்படி முடியப்பட்டது? இங்கே ஒரு திரைச்சீலையின் கதையைச் சொல்ல வேண்டும். ஏதேன் என்னும் அந்தத் தோட்டத்தைவிட்டு மனிதன் அனுப்பப்பட்டபோது, அதன் கிழக்கே கேருபீன்கள் என்னும் தேவதூதர்கள் காவல் வைக்கப்பட்டார்கள். பின்பு மோசேயின் காலத்தில் ஆசரிப்புக் கூடாரத்துக்குக் கூறப்பட்ட விதிகளில், மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைக்கும் திரையிலே நீலமும் தூம்பிரமும் சிவப்புமான நூலால் கேருபீன்களையே நெய்ய வேண்டும் என்று வருகிறது. கூடாரத்தின் வாசலும் கிழக்கு நோக்கியதே. ஆகவே பிரதான ஆசாரியன் வருஷத்துக்கு ஒரு நாள், பாவநிவிர்த்தி நாளில், கிழக்கேயிருந்து மேற்கு நோக்கி நடந்து, கேருபீன்கள் காக்கும் அந்தத் திரையைக் கடந்து உள்ளே போவது, ஆதாம் வெளியே வந்த வழியில் ஒருவன் ஒரு நாள் மட்டும் திரும்பிப் போவது போன்றது. அதே நாளில் ஒரு வெள்ளாட்டின் தலைமேல் ஜனங்களின் பாவங்கள் அறிக்கையிடப்பட்டு, அந்த ஆடு மனிதர் குடியில்லாத வனாந்தரத்துக்கு ஓட்டப்படும். மனிதனைப் பிரித்த பாவம் மனிதனிடமிருந்து பிரிக்கப்பட்டுப் போகிறது.

நகரத்துக்கு வெளியே சிலுவையில் அறையப்பட்ட இயேசு, தம்மைக் கடவுள் கைவிட்டது ஏன் என்று ஒரு பழைய சங்கீதத்தின் சொற்களால் ஓலமிட்டார் என்றும், அவர் உயிர்விட்டபோது ஆலயத்தின் திரை மேலிருந்து கீழாகக் கிழிந்தது என்றும் மத்தேயுவும் மாற்குவும் எழுதுகிறார்கள். பிரிவின் அடியாழம்வரை ஒருவர் இறங்கிப் போய்விட்டார், அதனால் இனி வழி திறந்திருக்கிறது என்பதே கிறிஸ்தவனின் நம்பிக்கை. அது எவ்விதம் கைகூடிற்று என்பதற்குக் கடன் தீர்த்தல் என்று 1098-இல் அன்செல்ம் கூறிய விளக்கம் முதலாகப் பல விளக்கங்கள் உண்டு. அவற்றினும் பவுல் அப்போஸ்தலரின் ஒரு சொல்லாட்சியே என்னை ஈர்க்கிறது: மனிதர் கடவுளோடு ஒப்புரவாக வேண்டுமென்று அவர் கெஞ்சுகிறாரே ஒழிய, கடவுள் மனிதரோடு ஒப்புரவாக வேண்டுமென்று எங்கும் எழுதவில்லை. கோபித்து முகம் திருப்பியிருந்த பக்கம் எது என்பது அதிலேயே விளங்குகிறது.

லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் உள்ள கெட்ட குமாரனின் கதையை அறியாதார் இல்லை. பாகத்தை வாங்கிக்கொண்டு தூரதேசம் போய்ப் பன்றி மேய்த்த இளையவனைப் பற்றியே நாம் பேசுகிறோம். வயலிலிருந்து திரும்பி வந்து, ஆடல்பாடல் சத்தம் கேட்டு, உள்ளே நுழைய மனமில்லாமல் வாசலில் நின்ற மூத்தவனை மறந்துவிடுகிறோம். அவன் ஒரு கட்டளையையும் மீறாதவன். கணக்குப் பார்த்தால் அவன் பக்கம் பற்றே இல்லை, வரவு மட்டுமே. இத்தனை வருஷம் தகப்பனுக்கு ஊழியம் செய்ததை ஒரு வேலைக்காரனைப்போல எண்ணிச் சொல்லுகிறான்; தம்பியைத் தம்பி என்று சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை. இயேசு இக்கதையைச் சொன்னது, பாவிகளோடு அவர் பந்தியிருக்கிறார் என்று முறுமுறுத்த நல்லவர்களுக்கு. வீட்டைவிட்டு ஓர் அடியும் எடுத்துவைக்காமலே தூரதேசம் போகலாம் என்பதை அவர்கள் அறியவேண்டியிருந்தது. இளையவனை எதிர்கொள்ள ஓடிய அதே தகப்பன், மூத்தவனை வருந்தி அழைக்கவும் எழுந்து வெளியே வருகிறான்.

அகுஸ்தீன் தமது 75-ஆம் வயதில், 430-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி, தாம் ஆயராக இருந்த ஹிப்போ நகரத்தில் காலமானார். வாண்டலர் படை அப்போது ஊரை முற்றுகையிட்டிருந்தது. அவருடைய நண்பரும் சரித்திர ஆசிரியருமான பொசிதியு எழுதியபடி, படுக்கையில் விழுந்த அந்த வயோதிகர் தாவீதின் பச்சாத்தாப சங்கீதங்களை எழுதச் சொல்லி, தாம் படுத்திருந்தபடியே பார்க்கும்படி சுவரிலே பதிக்கச் செய்தார். முடிவுக்குப் பத்து நாளைக்கு முன்னிருந்து, வைத்தியர் வரும் வேளையிலும் ஆகாரம் வரும் வேளையிலும் தவிர மற்று எவரும் அறைக்குள் வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, அந்த எழுத்துக்களைத் திரும்பத் திரும்பப் படித்து, தாரை தாரையாகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.