ஆய்வுக்கு ஏற்ற இயங்குதளம் எது?

செபராங் ஜெயாவிலிருந்து பினாங்குப் பாலத்தைக் கடந்து தீவை அடைவோர்க்கு, 1969ஆம் ஆண்டில் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் மிக அண்மையில் உள்ளது. அதற்குத் தெற்கே பாயான் லெப்பாசில் 1972 முதல் கணினிச் சில்லுத் தொழில் வளர்ந்து வருகிறது. தமிழ்ப் பள்ளியில் அகரம் பயின்ற பிள்ளைகள் இத்தகைய கல்விக்கூடங்களில் ஆய்வு மாணவராய் அமரும் காலம் இது. அவர்கள் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு. ஆய்வுக்குரிய கணினியில் எந்த இயங்குதளத்தை நிறுவுவது?

சிறிய வினாவாகவே இது தோன்றும். ஆயின் ஆய்வின் மெய்ம்மையே சில வேளைகளில் இதனைச் சார்ந்து நிற்கின்றது.

இயங்குதளம் என்பது யாது? கணினியின் உறுப்புகளையும், அதில் ஓடும் நிரல்களையும் இணைத்து ஆளும் அடிப்படை நிரலே இயங்குதளம். ஒரு கோப்பைத் திறக்க வேண்டினும், ஓர் எண்ணைச் சேமிக்க வேண்டினும் பிற நிரல்கள் இதனிடமே கேட்டுப் பெறுதல் வேண்டும். விண்டோஸ், மேக், லினக்ஸ் என்னும் மூன்றும் இன்று ஆய்வாளர் கைகளில் பெரிதும் வழங்குவன.

இயங்குதளம் மாறினால் ஆய்வின் விடையும் மாறுமோ எனச் சிலர் ஐயுறலாம். மாறியதற்குச் சான்று உண்டு. மூலக்கூறுகளின் அமைப்பைக் கணித்து அறிய உதவும் பைத்தான் நிரல் ஒன்று 2014இல் வெளியாயிற்று. வேதியியலார் பலர் அதனைப் பயன்படுத்தினர். 2019இல் ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே நிரலை, அதே தரவுகளுடன், வெவ்வேறு இயங்குதளங்களில் ஓட்டினர். விண்டோஸ் 10இல் 173.2 என்னும் விடை வந்தது. மேக் மொஹாவியில் 172.7 வந்தது. லினக்ஸ் வகையாகிய உபுண்டு 16இல் 172.4 வந்தது!

காரணம் யாது? வகுப்பாசிரியர் ஒருவரிடம் விடைத்தாள் கட்டு ஒன்றும், பெயர்ப் பட்டியல் ஒன்றும் உள்ளன எனக் கொள்வோம். இரண்டும் ஒரே வரிசையில் உள்ளன என்று நம்பி, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவர் மதிப்பெண் பதிகிறார். கட்டின் வரிசை கலைந்திருப்பின் கண்ணனின் மதிப்பெண் கமலாவுக்குப் போய்ச் சேரும். கூட்டலில் பிழை இராது. ஆயினும் முடிவு பொய்யாகும். அந்நிரலும் இவ்வாறே இருவகைக் கோப்புகளை வரிசைப்படி இணைத்தது. கோப்புகளை எவ்வரிசையில் எடுத்துத் தருவது என்பதில் இயங்குதளங்கள் வேறுபட்டன. வரிசையைத் தானே சரிபார்த்துக்கொள்ளாதது நிரலின் குறை.

இந்நிகழ்ச்சியில் சரியான விடை கிடைத்தது விண்டோஸில், தவறியது லினக்ஸில். ஆகவே ஒரு தளம் உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. நிரலின் மூலவரிகள் எவரும் படிக்கத்தக்கனவாய் இருந்தமையால் குறை கண்டுபிடிக்கப்பட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

தமிழாய்வாளர்க்கும் இதில் பாடம் உண்டு. தமிழ் அகராதியில் ‘அவல்’ முன்னும் ‘அழகு’ பின்னும் வரும். ‘அலை’க்குப் பின்னரே ‘அறம்’ வரும். ஒருங்குறியில் எழுத்துகளுக்கு அளிக்கப்பட்ட எண்களின் வரிசை வேறு. அங்கே வகரத்திற்கு முன் ழகரமும், லகரத்திற்கு முன் றகரமும் நிற்கின்றன. பகரத்திற்கு முன்னரே னகரம் வந்துவிடுகின்றது. கணினி குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் ‘அழகு’ முந்தி ‘அவல்’ பிந்தும். தமிழுக்குரிய மொழியமைப்பைப் பின்பற்றி அடுக்கினால் மரபு வரிசை கிடைக்கும். சங்க நூற்குச் சொல்லடைவு தொகுப்போர் இதனை அறியாதிருப்பின், ஒரே நூலுக்கு இருவர் இருவேறு அடைவுகள் தருவர்.

அவ்வாறாயின் தேர்வு செய்வது எங்ஙனம்? மூன்று செய்திகளை நோக்குதல் வேண்டும்.

முதலாவது, செய்யும் பணி. ஆய்வகக் கருவிகள் சிலவற்றோடு வரும் நிரல்கள் விண்டோஸில் மட்டுமே ஓடும். அங்கு வேறு தளத்தை நாடுதல் வீண் முயற்சி. பெருங்கணக்குகளின் நிலையோ வேறு. உலகின் வலிமை மிக்க 500 மீக்கணினிகளின் பட்டியலில், 2017 நவம்பர் முதல் அனைத்தும் லினக்ஸ் வகையையே கொண்டுள்ளன. திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் ‘பரம் பொருள்’ என்னும் மீக்கணினி தொடங்கி வைக்கப்பெற்றது. நொடிக்கு 838 இலட்சம் கோடிக் கணக்குகளைச் செய்யும் ஆற்றலுடைய அதுவும் லினக்ஸ் வகையினதே. இத்தகைய கணினியில் பின்னர் ஓட்டவேண்டிய நிரலை, முன்னரே அவ்வகைத் தளத்தில் எழுதிப் பழகுதல் நன்று.

இரண்டாவது, திறந்த தன்மை. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின் மூலவரிகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், விலையின்றிப் பகிரலாம். பொருள் வளம் குன்றிய மாணவனுக்கு இது பேருதவி.

மூன்றாவது, தளத்தின் ஆயுள். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். அமெரிக்காவின் பெர்மி ஆய்வகமும் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வகமும் சேர்ந்து, 2004இல் ‘சயின்டிபிக் லினக்ஸ்’ என்னும் தளத்தை வெளியிட்டன. 2019இல், அதன் அடுத்த பதிப்பு வாராது என்றும் சென்ட்ஓஎஸ் என்னும் தளத்திற்கு மாறுவதாகவும் அறிவிப்பு வந்தது. மறு ஆண்டே அந்த நம்பிக்கைக்கு இடையூறு நேர்ந்தது. 2029 வரை பராமரிக்கப்படும் என எதிர்பார்க்கப்பட்ட சென்ட்ஓஎஸ் 8, 2021 இறுதியோடு நிறுத்தப்படும் என்று ரெட்ஹாட் நிறுவனம் 2020 டிசம்பரில் அறிவித்தது. ஆய்வகங்கள் மீண்டும் ஆராய்ந்து, 2022 டிசம்பரில் ஆல்மாலினக்ஸைத் தேர்ந்தன. மூலவரிகள் திறந்திருந்தமையால் மாற்றுத்தளம் விரைவில் பிறந்தது. எனினும் மாறும் உழைப்பு தவிரவில்லை. ஆதலின் ஐந்தாண்டு நீளும் ஆய்வைத் தொடங்குவோர், தம் தளம் எந்த ஆண்டு வரை பராமரிக்கப்படும் என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும்.

எத்தளத்தைத் தேர்ந்தாலும் ஒரு கடமை எஞ்சியுள்ளது. இயங்குதளத்தின் பெயர், பதிப்பெண், பயன்படுத்திய நிரல்களின் பதிப்பெண் ஆகியவற்றை ஆய்வேட்டில் குறித்தல் வேண்டும். இயலுமாயின் மற்றொரு தளத்திலும் ஒருமுறை ஓட்டி, விடையை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அறிவியல் பாடத்தில் வெப்பமானியையும் தராசையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லும் ஆசிரியர்கள், கணினியின் இயங்குதளத்தையும் அவ்வரிசையில் சேர்த்து எழுதப் பழக்குவார்களாக. பின்னாளில் ஒருவர் அதே ஆய்வைச் செய்து அதே விடையை அடைவதற்கு, அந்த ஒரு வரி வழிகாட்டும்.