ஒரே பாடம், நான்கு வழிகள்: வீட்டுக் கம்ப்யூட்டரில் குழந்தைக்குக் கற்றுத் தரலாம்

"குழந்தைகள் படிப்புக்காக" என்று சொல்லித்தான் பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் வாங்கப்படுகிறது. வாங்கிய பின்னர்தான் குழப்பம் தொடங்குகிறது. மூத்தவளுக்குப் படம் பார்த்தால் போதும். இளையவனுக்குக் காதால் கேட்க வேண்டும். இன்னொரு குழந்தை ஓரிடத்தில் உட்காருவதே இல்லை. மூவருக்கும் எப்படிக் கற்றுத் தருவது?

முத்திரை குத்த வேண்டாம்

குழந்தைகளைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் எனப் பிரிக்கும் பழக்கம் உலகெங்கும் உண்டு. 2008ல் ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட 4 அமெரிக்க உளவியல் அறிஞர்கள் இது பற்றிய ஆய்வுகளை அலசிப் பார்த்தனர். வகைக்கு ஏற்பப் பாடம் நடத்தினால் கூடுதல் பயன் கிடைக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. "இவனுக்குப் படம்தான் ஏறும்" என்று 5 வயதிலேயே முடிவு கட்டிவிட்டால், அவனுக்கு எழுத்துப் பழகும் வாய்ப்பு குறைந்துவிடும்.

அப்படியானால் எதைக் கவனிப்பது? நம் ஊர்ப் பள்ளிகளிலேயே விடை இருக்கிறது. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி வகுத்த முறையைப் பின்பற்றி, 2003ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பின்னர் அது தமிழகம் முழுவதும் பரவியது. பாடங்கள் சிறு அட்டைகளாயின. ஏணிப்படி போல் அவை வரிசைப்படுத்தப்பட்டன. ஒவ்வொரு குழந்தையும் தான் நிற்கும் படியிலிருந்து தன் வேகத்தில் ஏறியது. 2022ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையைப் பார்த்தே பிரித்தது. குழந்தை எந்த வகை என்பதைவிட, எந்தப் படியில் நிற்கிறது என்பதே முக்கியம்.

புலியும் புளியும்

உத்திரமேரூர் அருகே உள்ள திருப்புலிவனத்துக் குழந்தைக்கு ஊர்ப் பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது: புலி. உங்கள் ஊர்ப் பெயரிலும் இப்படி ஒரு சொல் கிடைக்கும். அதை நான்கு வழிகளில் கற்றுத் தரலாம்.

1. வரைதல்: 2002ல் வெளிவந்த டக்ஸ் பெயின்ட் இலவச சாப்ட்வேர். ஒருமுறை இன்ஸ்டால் செய்துவிட்டால் இன்டர்நெட் தேவையில்லை. சேவ் செய்யும்போது பைல் பெயர் கேட்காது. குழந்தை புலியையும் புளியம்பழத்தையும் வரையட்டும்.

2. கேட்டல்: விண்டோஸில் உள்ள சவுண்ட் ரெக்கார்டரைத் திறந்து, "புலி", "புளி" என்று குழந்தையைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். போட்டுக் கேட்டால் லகர, ளகர வேறுபாடு குழந்தைக்கே தெரியும்.

3. டைப் செய்தல்: விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்வேஜ் பிரிவில் தமிழைச் சேருங்கள். அதன் ஆப்ஷன்ஸில் தமிழ் 99 கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும். இனி நோட்பேடைத் திறந்து ஜே, டி, என், எஸ் கீகளை வரிசையாக அழுத்தினால் "புலி" வரும். என் கீக்குப் பதில் ஒய் அழுத்தினால் "புளி". ப எழுத்துடன் உ சேர்ந்து பு ஆவதைக் குழந்தை கண்ணெதிரே பார்க்கும். உயிர்மெய்யை விளக்க இதைவிட எளிய வழி கிடையாது.

4. செய்தல்: இப்போது கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டு, தரையில் புளியங்கொட்டைகளை அடுக்கி அதே சொல்லை எழுதச் சொல்லுங்கள். துறுதுறுவென்று ஓடும் குழந்தையும் இதற்கு உட்காரும்.

நான்கையும் எல்லாக் குழந்தைகளுக்கும் தாருங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று ஒரு நோட்டில் தேதியுடன் குறித்து வாருங்கள். மறுநாள் பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

நேரம் முக்கியம்

2 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் ஒரு நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் திரையின் முன் உட்காரக் கூடாது. குறைவாக இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் கூறியது. டி.வி., மொபைல் போன் பார்க்கும் நேரமும் இதில் அடக்கம். எனவே மேலே சொன்ன முதல் மூன்று பயிற்சிகளுக்குத் தினம் 20 நிமிடம் ஒதுக்குங்கள். அந்த நேரம் முழுவதும் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்பதை எந்த சாப்ட்வேரும் உங்கள் அளவுக்குக் கண்டுபிடிக்காது.