ஒருநாள் விட்டு ஒருநாள்

கரவனெல்லவிலிருந்து யட்டியாந்தோட்டை நோக்கிச் செல்லும் பாதையை ஒட்டிய இறப்பர்த் தோட்டங்களில், இருள் முற்றும் விலகுமுன்னரே பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, கையில் கத்தியும் வாளியுமாக மலைச்சரிவில் ஏறிச் செல்லும் பால்வெட்டுத் தொழிலாளரைக் காண்போர், அவர்களது வேகத்தைக் கண்டே பெரிதும் வியப்பர். எனக்கோ அந்த வேகத்தினும் அதற்குள் அடங்கியிருக்கும் அளவே பெரிதாகத் தோன்றுகிறது. மரத்தை அணுகியதும் பழைய வெட்டுவாயில் உலர்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுப்பதும், அதே சரிவில் பட்டையை மெல்லச் சீவுவதும், சிரட்டையைத் துடைத்துப் பீலியின் கீழ் வைப்பதுமாகிய இம்மூன்று காரியங்களும், ஒன்று முடியும் முன் மற்றொன்று தானே கையில் வந்து நிற்பதுபோல நிகழ்ந்துவிடுகின்றன. 250, 300 மரங்களை ஒரு காலைப்பொழுதில் முடிக்க வேண்டிய ஒருவர், ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று யோசித்து நிச்சயித்துச் செயற்படுவாரானால், உச்சிப்பொழுதுக்குள் பாதி மரங்களையும் தாண்டமாட்டார்.

நற்பழக்கங்களைப் பற்றி எழுத நினைத்தபோது, நூலறிவுக்கு முன் இந்த வெட்டுவாயே என் நினைவுக்கு வந்தது.

விடியற்பொழுதில் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. இரவெல்லாம் நீரை உறிஞ்சி நிறைந்திருக்கும் மரத்தின் பால்நாளங்களில் அவ்வேளையில் அழுத்தம் மிகுதியாக இருக்கும். வெயில் ஏறி இலைகள் வழியே நீர் ஆவியாகத் தொடங்கியதும் அது தணிந்து, பாலின் ஓட்டமும் குறையும். வெட்டின் ஆழத்திற்கும் அவ்வாறே ஒரு நியதி உண்டு. கட்டைக்கும் பட்டைக்கும் நடுவே, புதுப்பட்டையை உண்டாக்கும் மிக மெல்லிய உயிர்ப்படையொன்று இருக்கிறது. கத்தி அதைத் தீண்டாமல் அதன் அருகுவரை மாத்திரமே செல்ல வேண்டும். தீண்டிவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்துப் பிற்காலத்தில் வெட்டுவதற்கே உதவாமற் போய்விடும். ஆகவேதான் வழக்கமான முறையில் மரத்தின் பாதிச் சுற்றளவில், ஒருநாள் விட்டு ஒருநாள், மில்லிமீற்றர்க் கணக்கில் சீவுகின்றனர்.

இம்முறை பிறந்த வரலாறும் அறியத்தக்கது. ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவிற்குக் கொண்டுசேர்த்த விதைகளிலிருந்து முளைத்த நாற்றுகளில் ஏறத்தாழ 1,900, அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆயினும் மரம் வந்துவிட்டதே யன்றி, அதனிடம் பால் கறக்கும் பக்குவம் உடன் வரவில்லை. அமேசன் காடுகளிலே மரத்தைக் கோடரியால் கொத்தியே பால் எடுத்துவந்தனர். சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லி, 1890களில் செய்த சோதனைகளில், பழைய காயத்தின் வாயையே மெல்லியதாகச் சீவித் திரும்பத் திரும்பத் திறந்தால், முதல் நாளைவிடப் பின்வரும் நாட்களில் பால் அதிகமாகச் சுரக்கிறது என்பதைக் கண்டறிந்தார். முதல் வெட்டில் கிடைப்பது சொற்பமே. மரம் பழகிய பின்னரே வாரி வழங்குகிறது.

மனிதனின் அப்பியாசமும் இவ்விதமே என்று நான் கருதுகிறேன். தைப் பிறப்பன்று சங்கற்பம் செய்துகொண்டு, முதல் வாரத்திலேயே விடியலில் எழுதல், நடத்தல், வாசித்தல், சிக்கனம் என்று நான்கையும் ஒருங்கே மேற்கொள்பவர், ஆழ வெட்டுகிறவர். 21 நாளில் எப்பழக்கமும் படிந்துவிடும் என்ற பேச்சு பரவலாக உண்டு. ஆனால் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் 96 பேரைக் கொண்டு நடத்தி, 2010இல் அச்சேறிய ஆய்வு வேறு விதமாகக் கூறுகிறது. ஒவ்வொருவரும் ஒரேயொரு சிறு செயலைத் தெரிந்து, காலை உணவுக்குப் பின் என்பதுபோன்ற ஒரு நிலையான தருணத்தோடு அதைப் பிணைத்து, 12 வாரம் செய்துவந்தனர். அப்பதிவுகளைக் கொண்டு கணித்தபோது, அது தன்னியல்பாகப் படிவதற்கு ஆகும் காலம், ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடு அளவு 66 நாள். இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் பெரிதும் பாதிக்கப்படவில்லை என்பதும் அதிலே தெரியவந்தது.

இந்தக் கடைசிச் செய்தி எங்கள் சப்பிரகமுவ மக்களுக்குப் புதிதன்று. தென்மேல் பருவமழை இறங்கினால் இங்கே வெட்டு நின்றுவிடும். நனைந்த பட்டையில் பால் பீலிக்கு வராமல் வழிந்தோடும், சிரட்டையில் மழைநீர் நிறையும். அந்த நாட்களின் வருமானம் போனது போனதே. அது தொழிலாளர் குடும்பத்திற்குச் சிறிய துன்பமன்று. ஆயினும் மழை விட்ட மறுநாள் இழந்ததை ஈடுசெய்ய எண்ணிக் கத்தியை ஆழ அழுத்துபவரை அனுபவசாலி எவரும் மெச்சமாட்டார். விட்ட இடத்தில், அதே வெட்டுவாயில், வழக்கமான கனத்தில் சீவித் தொடர்வதே முறை.

எனினும் அனைத்தையும் தனிமனிதனின் நியமத்தின்மேல் ஏற்றிவிடுவது அநியாயமாகும். 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து உடலினுள் சென்று இரத்தத்தை உறிஞ்சும் அப்புழுவை மருந்து வெளியேற்றிற்று; ஆனால் மண் அசுத்தமாகவே இருந்தமையால் மீண்டும் தொற்றியது. மலசலகூடத்தைப் பயன்படுத்துங்கள், காலணி அணியுங்கள் என்று போதிப்பது எளிது. லயத்துக்கு அருகே கூடமும், அதில் தண்ணீரும், வாங்கத்தக்க விலையில் செருப்பும் இல்லாதவிடத்து அப்போதனையைக் கேட்டவரை அசட்டையுள்ளவர் என்று பழிப்பது எவ்வகையில் தருமம்? 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவு, நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு நில்லாமல், வீடுவீடாகச் சென்று சுற்றுப்புறத்தைத் திருத்துவதையும் தன் கடமையாகக் கொண்டது. அதுவே சரியான வழி என்பது என் துணிபு.

பழக்கத்திற்கு வேண்டிய பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பால்வெட்டுபவர் சிரட்டையைத் தேடித் திரிவதில்லை; சென்ற வெட்டின்போது கவிழ்த்து வைத்த மரத்திலேயே அது அவருக்காகக் காத்திருக்கிறது. வேலை முடிந்து சேறு படிந்த காலோடு லயத்துக்குத் திரும்பும் அவருக்கு, வாசற்படியருகே ஒரு தண்ணீர்க் குழாயும் சவர்க்காரத் துண்டும் அவ்வாறே காத்திருக்குமானால், கால் கழுவும்படி அவருக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.