குதிரைக்கு ஊசி போட்டார்களா?

தெஹிவளையில் காலி வீதியோரத்துப் புக்கிக் கடைகளில் மாலை நேரம் நின்றால், இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளுக்குத் தமிழில் திட்டு விழுவதைக் கேட்கலாம். கொழும்பின் சொந்தப் பந்தயம் எப்போதோ நின்றுவிட்டது. ரீட் அவெனியூ மைதானம் இரண்டாம் உலகப் போரில் விமானத்தளமாகி, பின்னர் ரக்பி மைதானமும் ஆகிவிட்டது. பந்தயத் துண்டு எழுதுவது மட்டும் நிற்கவில்லை. காசு கட்டிய குதிரையை யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று முந்திவிட்டால் வரும் பேச்சும் மாறவில்லை: “ஊசி போட்டிருக்கிறாங்கள் அண்ணை, இல்லாட்டி இப்பிடி ஓடுமே?”

சந்தேகப்படுவதில் பிழையில்லை. சந்தேகம் பெரும்பாலும் தவறான குதிரைமேல் விழுகிறது என்பதுதான் சிக்கல்.

1967 பெப்ரவரியில் நியூபரியில் ஹில் ஹவுஸ் என்ற குதிரை 12 குதிரை நீள இடைவெளியில் வென்றது. கூட்டம் கூச்சலிட்டது. பரிசோதனையில் கார்ட்டிசோல் என்ற ஹோர்மோன் அளவுக்கு மேல் இருந்தது. மாதக்கணக்கில் விசாரித்துக் கடைசியில் கண்டது, அந்தக் குதிரையின் உடலே அவ்வளவு கார்ட்டிசோலைச் சுரக்கிறது என்பதைத்தான். 1979இல் நோ பாம்ஸ் என்ற குதிரை, பராமரிப்பாளரின் மார்ஸ் சாக்லேட்டைத் திருடித் தின்றுவிட்டு ஓடி வென்றது. கொக்கோவிலுள்ள, பந்தயத்தில் தடைசெய்யப்பட்ட தியோபுரோமின் சிறுநீரில் தெரிய, வெற்றி பறிபோனது.

நிஜமான களவுக்குச் சில நேரம் ஊசியே தேவையில்லை, அப்பச்சோடா போதும். ‘மில்க் ஷேக்’ என்பது பந்தய வட்டாரத்தில் அதற்குள்ள பெயர். பந்தயத்துக்குச் சில மணி நேரம் முன்னால் மூக்குத் துவாரம் வழியாக நீண்ட குழாயை இரைப்பைவரை செலுத்தி, அப்பச்சோடாவும் (சோடியம் பைகார்பனேட்) சீனியும் கரைத்த தண்ணீரை ஊற்றுவார்கள். குழாய் தவறி மூச்சுக்குழாய்க்குள் போனால் தண்ணீர் நேரே நுரையீரலுக்குத்தான். குதிரையின் உயிருக்கே ஆபத்து. முழு வேகத்தில் ஓடும் தசையில் அமிலத்தன்மை ஏறும், களைப்பு தொடங்கும். இரத்தத்தில் கூடுதலாக உள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தைச் சமன்செய்து களைப்பைத் தள்ளிப்போடுகிறது. பைகார்பனேட் எல்லாக் குதிரையின் இரத்தத்திலும் இயல்பாகவே உண்டு. ஆகவே ‘இருக்கிறதா’ என்று கேட்பதில் பயனில்லை, ‘எவ்வளவு’ என்றுதான் கேட்க வேண்டும். சர்வதேச விதிப்படி பிளாஸ்மாவில் மொத்தக் கார்பன் டைஒக்சைட் லீற்றருக்கு 36 மில்லிமோலைத் தாண்டக் கூடாது.

ஸ்டீரொய்ட் விவகாரம் இதைவிட மோசம். பயிற்சிக் காலத்தில் கொடுத்து, தசையை வளர்த்து, பந்தயத்துக்கு முன்பே நிறுத்திவிடலாம். மருந்து உடலைவிட்டுப் போய்விடும், தசை அவ்வளவு சீக்கிரம் போகாது. வென்ற குதிரையின் சிறுநீரை அன்று சோதித்து என்ன பயன்? 2013 ஏப்ரலில் இங்கிலாந்து அதிகாரிகள் நியூமார்க்கெட்டில் துபாய் ஆட்சியாளரின் கொடொல்பின் லாயத்துக்கே போய் 45 குதிரைகளிடம் மாதிரி எடுத்தார்கள். 11 குதிரைகளில் எதிலெஸ்ட்ரெனோல் அல்லது ஸ்டானசோலோல் என்ற ஸ்டீரொய்ட் இருந்தது. பயிற்சியாளர் மஹ்மூத் அல் சரூனிக்கு 8 ஆண்டுத் தடை. முந்தைய ஆண்டு செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்ற என்கியும் அடுத்துவந்த சோதனையில் சிக்கியது. பந்தய நாள் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் இதெல்லாம் வெளியில் வந்திருக்குமா என்பது சந்தேகமே. பிடரி மயிரைச் சோதிப்பது இதனால்தான் முக்கியமாகிறது: இரத்தத்திலிருந்து மறைந்த மருந்து, வளர்ந்த மயிரில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும்.

பிடிபட்டாலும் துண்டு வைத்திருப்பவருக்கு ஆதாயமில்லை. 2021 மே 1 அன்று அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியை வென்ற மெடினா ஸ்பிரிட்டின் இரத்தத்தில், பந்தய நாளில் இருக்கக் கூடாத பீட்டாமெத்தசோன் மருந்து மில்லிலீற்றருக்கு 21 பிகோகிராம் இருந்தது. தோல் களிம்பில் வந்தது என்றது பயிற்சியாளர் தரப்பு. 2022 பெப்ரவரியில் வெற்றி பறிக்கப்பட்டு, இரண்டாவதாக வந்த மண்டலூன் வெற்றியாளர் ஆனது. மண்டலூன் வெல்லும் என்று பணம் கட்டியவர்களுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. அன்றைய முடிவின்படி கொடுத்தது கொடுத்ததுதான்.