மண்ணைக் கேட்டு ஊற்றுங்கள்!

பிள்ளைகளே! கார்த்திகை மழையில் ஆசையாக நட்ட மாங்கன்று, சித்திரை வெயிலில் கருகிப் போவதை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பார்த்திருப்பீர்கள். 'தினமும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினோமே!' என்று மனசு வருந்தும்.

மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் சுற்றிலும் வழிந்தோடும், வெயிலில் ஆவியாகும். வேருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். கொட்டாமல், சொட்டவிட்டால்?

இதற்கு விடை சொன்னது ஒரு மரம்! இன்று இஸ்ரேல் உள்ள பகுதியில், 1930களில் சிம்ஹா பிளாஸ் என்ற பொறியாளர், ஒரு மரம் மட்டும் ஓங்கி வளர்ந்திருப்பதைக் கண்டார். தோண்டினார். குழாய் இணைப்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது! மேலே ஈரம் சின்ன வட்டம். அடியிலோ வெங்காயம் போல அகன்று பரவியிருந்தது. இதிலிருந்து பிறந்ததுதான் இன்றைய சொட்டுநீர்ப் பாசனம். 1965ல் ஹட்செரிம் என்ற கூட்டுப் பண்ணையில் இதற்கான கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று நம் ஊர்த் தோட்டங்களிலும் கறுப்புக் குழாய்கள் ஓடுகின்றன.

உங்கள் வீட்டில் குழாய் இல்லையா? கன்று நடும்போதே, ஒரு சாண் தள்ளி சிறு மண்பானையைக் கழுத்துவரை புதையுங்கள். நீர் நிரப்பி மூடுங்கள். திறந்திருந்தால் கொசு முட்டையிடும். மண் காய்ந்தால் பானை அதிகம் கசியும். ஈரமாக இருந்தால் கசிவு குறையும்.

கன்றுக்குத் தாகமா என்று அறிய, அரை அடி ஆழத்து மண்ணைக் கையில் பிடியுங்கள். உருண்டையாக நின்றால் தண்ணீர் வேண்டாம். உதிர்ந்தால் ஊற்றுங்கள். எப்போதும் சேறாக இருந்தாலும் ஆபத்து. காற்றில்லாமல் வேர் அழுகிவிடும்.

மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாளியைத் தூக்குங்கள். அடுத்த சித்திரையிலும் உங்கள் மாங்கன்று துளிர்த்து நிற்கும்!