ஞாயிற்றுக்கிழமை எங்கே கூடுகிறோம்?

எங்கள் பறவை பார்ப்போர் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பார்வை கிடையாது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நாங்கள் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, குரலை வைத்து நாலைந்து பறவைகளைச் சொல்லி முடித்திருப்பார். செம்போத்தின் 'ஊப் ஊப்' எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்பதுகூடத் தப்பாது. அப்படிப்பட்டவர் மாதாமாதம் எனக்கு ஒரு போன் போடுவார். "தம்பி, இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே, எத்தனை மணிக்கு?"

"நம்ம இணையதளத்திலேயே போட்டிருக்கோமே சார்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். "அப்படியா? கேளுங்க" என்று போனைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தார். இயந்திரக் குரல் ஒன்று, "படம், ஐஎம்ஜி அடிக்கோடு இரண்டாயிரத்து நாற்பத்தொன்று" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. அவ்வளவுதான். இடம், தேதி, நேரம், கொண்டுவர வேண்டிய தண்ணீர் பாட்டில் எல்லாம் நாங்கள் ஆசையாகச் செய்த போஸ்டருக்குள் படமாக உறைந்து கிடந்தன. கண்ணுக்கு அது எழுத்து. கணினிக்கோ வெறும் நிறப்புள்ளிகள்.

திரையில் இருப்பதைக் குரலாக்கும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியவர் மைக்கேல் கர்ரன், பிறகு ஜேம்ஸ் டே என்ற நண்பரும் சேர்ந்துகொண்டார், இருவருமே பார்வையற்றவர்கள். பெரும் விலை கொடுத்துத்தான் இத்தகைய மென்பொருளை வாங்க முடியும் என்றிருந்த நிலையை மாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று இப்போது கூடவே வந்துவிடுகின்றன. அடிப்படையில் இவை திரையைப் 'பார்ப்பது' இல்லை. பக்கத்தை எழுதிய குறிமுறையை வாசிக்கின்றன. இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு, இது படம் என்று அங்கே என்ன சொல்லப்பட்டிருக்கிறதோ அதைத்தான் திருப்பிச் சொல்லும். படத்துக்கு 'மாற்று உரை' என்று ஒரு வரி எழுத இடம் உண்டு. அதை நிரப்பாமல் விட்டால் பல சமயம் கோப்பின் பெயரைத்தான் வாசிக்கும்.

இந்த ஒற்றை வரி ஒலிம்பிக் போட்டி வரைக்கும் வழக்காகப் போயிருக்கிறது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின் இணையதளத்தில் படங்களுக்கு மாற்று உரை இல்லை, விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழி இல்லை என்று ப்ரூஸ் மகுவையர் என்ற பார்வையற்றவர் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார். திருத்துவதற்குச் செலவு அதிகம் என்று வாதாடிப் பார்த்த அமைப்பாளர்கள் தோற்றார்கள். கடைசியில் அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டிவந்தது. எங்கள் குழுவின் வங்கிக் கணக்கில் அதில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது என்பது வேறு விஷயம்.

போஸ்டரை எடுத்துவிட்டு, அதிலிருந்ததை எழுத்தாகத் தட்டச்சு செய்து போட்டோம். வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆசிரியர் சிரித்தார். அவர் வீட்டில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விளங்கியது. நாம் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒழுங்காகப் படிப்பதில்லை. பெரிய எழுத்துகளைக் கண்ணால் மேய்ந்து, வேண்டிய இடத்தில் நிற்கிறோம். அவரும் மேய்கிறார், காதால். 'எச்' விசையைத் தட்டினால் அடுத்த தலைப்பு. 'கே' தட்டினால் அடுத்த இணைப்பு. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் குரல் ஓடுகிறது, அவர் இடையில் நிறுத்தி முடிவெடுக்கிறார். எங்கள் பக்கத்தில் 'எச்' தட்டியதும் வந்த பதில்: தலைப்புகள் இல்லை.

இருந்தன. நாங்கள்தான் அவற்றைத் தலைப்பு என்று குறிக்காமல், சாதாரண எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி விட்டிருந்தோம். பார்வைக்குத் தலைப்பு மாதிரி இருந்தால் போதும் என்ற பழக்கம். பக்கத்தை எழுதும் பெட்டியிலேயே 'தலைப்பு 2' என்ற தேர்வு இருக்கிறது. அதைச் சொடுக்க ஒரு நொடி. இணைப்புகளின் கதை இன்னும் வேடிக்கை. அவற்றை மட்டும் தொகுத்துக் கேட்கும் வசதி திரைவாசிப்பானில் உண்டு. எங்கள் பக்கத்தில் அவர் கேட்டது: இங்கே, இங்கே, இங்கே, மேலும் படிக்க, இங்கே. பதினான்கு 'இங்கே'. எங்கே என்று யாருக்குத் தெரியும்? 'நவம்பர் நடைக்குப் பதிவு செய்ய' என்று எழுதியிருந்தால் பார்வையுள்ளவர்களுக்கும் உதவியிருக்கும்.

அடுத்த புகார் நல்ல பார்வையுள்ள ஒருவரிடமிருந்து வந்தது. எழுபதைத் தாண்டிய எங்கள் பொருளாளர், "எழுத்து மங்கலா இருக்குப்பா" என்றார். இயற்கைக் குழு என்றாலே பச்சை அல்லவா? வெள்ளைப் பின்னணியில் இளம்பச்சை எழுத்து. இளைஞர்கள் யாரும் குறை சொல்லவில்லை. வயதாக ஆக விழியின் வில்லை மஞ்சளித்து, கண்மணியும் சுருங்குகிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் சேர்கிறது.

உலகளாவிய இணைய அமைப்பான டபிள்யூ3சி இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு நிறம் எவ்வளவு ஒளிர்வாகத் தெரிகிறது என்பதில் பச்சைக்கு 71 சதவீதத்துக்கு மேல் பங்கு, சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. நம் கண்ணின் அமைப்பு அப்படி. இந்த விகிதத்தில் எழுத்தின் ஒளிர்வையும் பின்னணியின் ஒளிர்வையும் கணக்கிட்டு, இரண்டோடும் ஒரு சிறு எண்ணைக் கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்கிறார்கள். வெள்ளையில் கறுப்பு என்றால் 21. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும். அது எங்கிருந்து வந்த எண்? சாதாரணப் பார்வைக்கு 3 போதும். கண் மருத்துவர் '6/12' என்று எழுதிக்கொடுக்கும் அளவுக்குப் பார்வை குறைந்தவருக்கு, அதாவது பெரும்பாலும் எண்பதை ஒட்டிய வயதினருக்கு, ஒன்றரை மடங்கு கூடுதல் தேவை. மூன்றை ஒன்றரையால் பெருக்கினால் நாலரை. பளிச்சென்ற பச்சைக்கு வெள்ளையில் கிடைப்பது 1.37. மஞ்சளுக்கு 1.07, கிட்டத்தட்ட வெறும் தாள்தான். கரும்பச்சைக்கு மாறினோம், 7-ஐத் தாண்டியது. பச்சையும் போகவில்லை, பொருளாளரும் கோபிக்கவில்லை.

தமிழுக்கு இதில் தனி நியாயம் உண்டு என்பது என் கருத்து. 'க'வுக்கும் 'க்'குக்கும் நடுவில் இருப்பது ஒரு சிறு புள்ளி. எழுத்து மங்கினால் முதலில் காணாமல் போவது அதுதான். வரிகளை நெருக்கிவிட்டால் மேல்வரியின் 'கு', 'கூ' வால்கள் கீழ்வரியின் புள்ளியில் போய் இடிக்கும். எழுத்தின் உயரத்தில் ஒன்றரை மடங்காவது வரிக்கு இடம் விட வேண்டும்.

எங்கள் குழு வெளியிட்ட பழைய மலர்களைத் தேடியபோது இன்னொரு புதையல் கிளம்பியது. யூனிகோடு பரவாத காலத்தில் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பிடிஎஃப் கோப்புகள். பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுகிறது. திரைவாசிப்பான் முகமூடியைப் பார்க்காது. 'அக்காக்குயில்' பற்றிய அருமையான கட்டுரை ஒன்றை அது எழுத்தெழுத்தாக உளறியதைக் கேட்டு ஆசிரியர், "இந்தப் பறவை நம்ம ஊருக்கு வரதில்லை" என்றார். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, மெய்ப்புப் பார்க்கத்தான் பொறுமை வேண்டும். கூடவே, பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிமுறையில் ஒரு சொல் போட்டோம். அது இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க வந்து சில எழுத்துகளைத் தாண்டும், சிலவற்றில் தடுமாறும்.

இதற்கிடையில், பக்கத்தின் மூலையில் ஒரு குறி பதித்தால் எல்லாக் குறையும் தானே தீரும் என்று ஒரு பொருளை விற்க வந்தார்கள். வாங்கவில்லை. அமெரிக்காவில் இப்படி மிகைப்படுத்தி விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை 10 லட்சம் டாலர் கட்டச் சொல்லி 2025-இல் அங்குள்ள வணிக ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. குறை எங்கே என்று கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு: மவுஸை ஒதுக்கிவைத்து, டேப் விசையால் மட்டும் உங்கள் தளத்தில் பதிவுப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று தெரியாமல் நான் மூன்று முறை தொலைந்தேன்.

கடைசியாகப் பறவைக் குரல்களின் பக்கம். ஆசிரியரே பதிவு செய்து கொடுத்த நாற்பது குரல்கள். அதுதான் எங்கள் பெருமை. சென்ற மாதம் குழுவில் சேர்ந்த கல்லூரி மாணவி, காது கேளாதவர், அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார்: "இங்கே வெறும் முக்கோணப் பொத்தான்கள்தான் இருக்கின்றன."

படித்துக் காட்டினேன். ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேனா எடுத்துக்கோங்க தம்பி" என்றார். "செம்மார்புக் குக்குறுவான். பாத்திரக் கடையில செம்புக் குடத்தைச் சுத்தியால தட்டுற மாதிரி, ஒரே சீரா, விடாம. தொண்டை உப்பும், வாய் திறக்காது. அதையும் எழுதுங்க, அவங்க பார்க்கலாம்."

இன்னும் முப்பத்தொன்பது பாக்கி.